ஆனி கடைசி முகூர்த்தம்

என் கல்யாணத்தில் சாரல் விழ வேண்டும் என்று முடிவு செய்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. எந்த ஜாதகமும் பொருந்தவில்லை. ஆனால் மாதமும் இடமும் எனக்குள் உறுதியாகிவிட்டன. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், குற்றாலம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதிலுள்ள கோளாறு உடனே புரியும். ஆனியில் சீசன் தொடங்கிவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி வரை சாரல் நீடிக்கும் என்று நம்ப முடியாது. சாரலும் முகூர்த்தமும் சேர்ந்து கிடைப்பது ஆனியின் கடைசியில்தான். அந்த நாட்களில் குற்றாலத்தில் அறை கிடைக்காது. மண்டபம் கிடைத்தாலும் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வர ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மணி நேரம் ஆகும். தென்காசிக்காரர்கள் யாரும் சீசனில் குற்றாலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் ஆசைப்பட்டு வைத்துவிட்டு அவதிப்படுவார்கள். எனக்கு அது தெரியும். அப்போது நான் ஒரு நாளிதழின் தென்காசிப் பகுதி நிருபர். பேரருவியில் குளிக்கத் தடை, தடை நீக்கம், ஐந்தருவியில் எத்தனை கிளைகளில் தண்ணீர் என்று சீசன் முழுக்கச் செய்தி அனுப்புவதே என் வேலை.

தெரிந்ததால் ஏற்பாடும் அதற்குத் தகுந்தபடி இருந்தது. வாசலில் பன்னீர் தெளிப்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு உலர்ந்த துண்டு கொடுக்க வேண்டும். ஈரக்காற்றில் தவிலின் தோல் தொய்ந்துபோகும். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு கரி அடுப்பு வைக்க வேண்டும். முதல் நாள் சாப்பாடு யார் சொல்கிறபடியும் இருக்கட்டும். மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. சொதிக்குத் தேங்காய்ப்பாலை முதல், இரண்டாம், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். புடவை கத்தரிப்பூ நிறம். மேடைக்குப் பின்னால் ஜரிகைத் திரை போடாமல் சன்னல்களைத் திறந்து வைத்தால் மலை தெரியும். மேகம் இறங்கியிருந்தால் மலை தெரியாது. அதுவும் நல்லதுதான்.

மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வேட்டியும் சட்டையும் இருந்தன. முகம் இல்லை. அதை ஒரு குறையாக நான் அப்போது நினைக்கவில்லை. படம் வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இடம் விட்டு வைப்பது எங்கள் தொழிலில் உண்டு.

பத்திரிகையில் மாலையில் விளம்பரம் வந்து சேர்ந்தால் செய்தியை வெட்டுவார்கள். கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவது வழக்கம். என் கல்யாணமும் அப்படித்தான் சுருங்கியது. இருபத்து நான்கு வயதில் எண்ணூறு பேர் வந்தார்கள். இருபத்து ஏழில் அப்பா இறந்தார். அவருடைய அலுவலக ஆட்கள் இனி வர வேண்டியதில்லை என்று தோன்றியது. முப்பதில் முன்னூறு பேர். பள்ளித் தோழிகளை எடுத்தேன்; அவர்கள் பிள்ளைகளோடு வந்து என் வயதைச் சொல்லிவிடுவார்கள். முப்பத்து மூன்றில் ஊர்வலக் காரை எடுத்தேன். முப்பத்தைந்தில் மண்டபத்தையே எடுத்துவிட்டுக் குற்றாலநாதர் கோயிலில் நாற்பது பேர் என்று வைத்தேன். சாரலை மட்டும் எடுக்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு குடும்பத்தை அதே கோயிலில், தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்தோம். இரண்டு தரப்பும் சாமி கும்பிட வந்ததாகத்தான் பேச்சு. பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. பிரகாரத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னை நெருங்கி வந்து, "பேப்பர்லயா வேல பாக்குதிய?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்பொ ஊரு வம்பெல்லாம் சம்பளத்தோட வீட்டுக்கு வரும்" என்று சிரித்தார். என் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு.

தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். கோயம்புத்தூரில் வங்கியில் வேலை. அக்கா இருக்கும்போது தம்பிக்கு எப்படி என்று அம்மா அவனை நிறுத்தி வைத்திருந்தாள். எனக்கு முப்பத்தெட்டு ஆனபோது அந்தப் பேச்சை அவள் விட்டுவிட்டாள். விட்டுவிட்டதை என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் மேசையில் அவன் ஜாதகத்தின் நகல்கள் நான்கு கிடந்தன. என்னுடையது பீரோவுக்குள் போயிருந்தது.

பெண் பாவூர்சத்திரம். பெண்ணின் அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. நல்ல பெண். பார்த்த அன்றே என்னை "மைனி" என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டாள். நிச்சயமான மறுநாள் தம்பி தொலைபேசியில் பேசினான்.

"அக்கா, நீதான் ஒரு கல்யாணம் ரெடியா வச்சிருப்பியே."

"எது?"

"அதான், சாரலு, துண்டு, தவிலுக்கு அடுப்புன்னு நான் காலேஜ் படிக்கையில எங்கிட்ட சொல்லிட்டே இருப்பியே. அவள்ட்ட சொன்னேன். அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அத எனக்குக் குடுத்துரேன்."

வேடிக்கையாகத்தான் கேட்டான். நானும் வேடிக்கையாகத்தான், "எடுத்துக்கோ" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் இத்தனை வருடத்தில் இன்னொருவர் அதை வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று உறைத்தது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சீசன்லயா? குத்தாலத்துலயா? வாரவன் கல்யாணத்துக்கு வருவானா, குளிக்கப் போவானா?"

"ரெண்டுக்கும் வருவான்" என்றேன்.

"எண்ண தேச்ச தலையோட பந்தில உக்காருவான். நீ போயித் தொடச்சு விடு."

"அதுக்குத்தான் வாசல்ல துண்டு குடுக்கச் சொல்லுதேன்."

சம்பந்தி வீட்டுக்குச் சம்மதம் என்றதும் அம்மா இறங்கி வந்தாள். மண்டபத்தை நான்தான் பிடித்தேன். சீசன் செய்திக்காகப் பல வருடம் பேசிப் பழகிய ஒருவர் விட்டுக்கொடுத்தார். தேதி, துண்டு, அடுப்பு, சன்னல், சொதி என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். முன்பு வெட்டியெறிந்த எண்ணூறு பேரும் திரும்பி வந்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில் மூன்று புடவைகளின் படத்தைப் பெண்ணே எனக்கு அனுப்பி, எது என்று கேட்டாள். நடுவில் இருந்ததைச் சொன்னேன்.

எனக்கென்று ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சுகளையும் மாப்பிள்ளையின் சகோதரி போடுவாள். அதற்கு நாத்தனார் முடிச்சு என்று பெயர். தம்பிக்கு நான் ஒரே அக்கா. யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்காமல் உறுதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு செய்தியை யாராவது இப்படி அனுப்பியிருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, அம்மாவும் நானும் தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முடிச்ச ஒஞ் சித்தப்பா மவ போடட்டும்."

"ஏன்?"

"அவ கல்யாணம் ஆனவ."

சித்தப்பா மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். கடைசி இரண்டு வருடமும் ஆலங்குளத்தில் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். புருஷன் வருவதுமில்லை, கூப்பிடுவதுமில்லை.

"அவ புருசன் எங்க இருக்காம்னு அவளுக்கே தெரியாது" என்றேன்.

"தெரியாட்டா என்ன? கழுத்துல கெடக்குல்லா."

"பொண்ணு வீட்ல கேட்டாவளா?"

"கேக்கல. கேக்க முந்தி நாமளே செஞ்சுட்டா மரியாத."

நான் தேங்காயைக் கீழே வைத்தேன். அம்மா வைக்கவில்லை.

"ஏட்டி, நான் ஒனக்குச் சொல்லுதது புரியுதா? நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்ச வந்தாக்கூட ஒம் பேரத்தான் இழுப்பாவ. ஒன்னக் காப்பாத்ததுக்குத்தான் சொல்லுதேன்."

"எனக்குக் காப்பு வேண்டாம்."

"நான் எங்கன நிக்கப் போறேன்னு நெனச்ச? அவனப் பெத்தவ. தாலி கெட்டும்போது தூணுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கணும். மேடைல ஒஞ் சித்தப்பனும் சித்தியுந்தான் உக்காருதாவ. எனக்கு வருத்தம் இல்லையா? நான் நிக்கேம்லா, நீயும் நில்லு."

அப்பா இறந்த பிறகு அம்மா எந்தக் கல்யாணத்திலும் மேடை ஏறியதில்லை. அவளை யாரும் ஏறாதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாரும் சொல்லுமுன்னே ஒதுங்கிக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு தருகிறாள்.

தம்பியிடம் சொன்னேன். "நான் அம்மாட்ட பேசுதேன்" என்றான். மறுநாள் மதியம் கூப்பிட்டான். "அம்மா அழுதா, அக்கா. விடேன். ரெண்டு முடிச்சுதான?"

அவன் சொன்னதில் தவறில்லை. இரண்டு முடிச்சுதான்.

கல்யாணத்தன்று விடிந்தபோதே சாரல் இருந்தது. நான் நினைத்ததைவிட மெல்லியதாக, குடை பிடித்தால் கேலி செய்கிற அளவுக்கு. அம்மா சொன்னபடி ஆறு மணிக்கு எங்கள் தரப்பு ஆண்களில் பாதிப் பேரைக் காணோம். அருவிக்குப் போயிருந்தார்கள். பெண்ணின் மாமா ஒலிபெருக்கியில், "குளிக்கப் போன அண்ணாச்சிமாரு முகூர்த்தத்துக்கு வந்துருங்க, தண்ணி அங்கனதான் கெடக்கும்" என்று இரண்டு முறை சொன்னார். அவர் சொல்லி யாரும் வரவில்லை. ஆறேகாலுக்கு மலையில் மழை கூடி, பேரருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். எல்லோரும் ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார்கள். துண்டுகள் பத்து நிமிடத்தில் தீர்ந்தன. நான் மண்டபத்து மாடிப்படியில் நின்றபடி தடை பற்றி நான்கு வரி தட்டி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அன்று எனக்கு விடுப்பு. இருந்தாலும் அனுப்பினேன்.

அம்மா எனக்குப் பந்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்திருந்தாள். "ஒன்ன விட்டா யாரு இருக்கா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். பந்திக்கூடம் கீழ்த்தளம். மேடை மேலே.

கைகழுவும் இடத்தில் சித்தப்பா மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். பட்டுப்புடவையும் கொண்டை நிறையப் பூவுமாக இருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, சத்தியமா நான் கேக்கல. பெரியம்மா வீட்டுக்கு வந்து சொன்னாவ. மாட்டேன்னேன். எங்கம்மா, 'கழுத்துல கெடக்கதுக்கு இந்தப் பிரயோசனமாவது இருக்கட்டும்'னு சொல்லிட்டா."

"சரி, போடு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அவரு வரலையான்னு இதுவரைக்கும் பதினோரு பேரு கேட்டாச்சு. டூட்டின்னு சொல்லிருக்கேன்."

"எங்கன டூட்டி?"

"அதுதான் தப்பாப் போச்சு. ஆளாளுக்கு ஒரு ஊரு சொல்லிட்டேன். அத்தமாரு நாலு பேரும் சேந்து உக்காந்தா தெரிஞ்சு போயிரும். நீ எதையும் பேப்பர்ல போட்டுறாத." இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "பந்திய விட்டுட்டு மேல வா. எனக்குப் பின்னால நில்லு. அவன் மொத முடிச்சு போட்டதும் கயித்த ஒங் கைல குடுத்துருதேன். அந்தக் கூட்டத்துல எவ பாக்கப் போறா? பாத்தாலும் அதுக்குள்ள முடிஞ்சு போயிரும். போட்டது போட்டதுதான?"

ஏழேகாலுக்குப் பந்தியைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு மேலே போனேன்.

மேடையில் சன்னல்கள் திறந்திருந்தன. மேகம் இறங்கி, வெளியே வெள்ளையாக இருந்தது. பெண் கத்தரிப்பூ நிறப் புடவையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா மகள் அவளுக்குப் பின்னால். நான் சித்தப்பா மகளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். அம்மா இடது பக்கம் இரண்டாவது தூணின் அருகில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நடுவில் வீடியோக்காரரின் விளக்கு இருந்தது. இதைச் சொல்லக் காரணம், அம்மாவின் பார்வைக்குப் பயந்துவிட்டேன் என்று எழுதுவது எனக்குச் சுலபம். அது உண்மையல்ல.

மேளம் உயர்ந்தது. தவில் தொய்யவில்லை. தம்பி தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். அட்சதை விழுந்தது. சித்தப்பா மகள் மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் விலக்கி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நுனிகளை என் பக்கம் நீட்டினாள். அவள் விரல் நகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. என் வலது கை மேலே வந்தது.

அப்போது எனக்குத் தோன்றியது இது: தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஏதாவது ஆகிவிட்டால் என்னைச் சொல்வார்கள் என்பதல்ல. அது அம்மாவின் வாதம். அதற்கு என்னிடம் பத்து நாளாகப் பதில் தயாராக இருந்தது. எனக்குத் தோன்றியது, என்னால் ஏதாவது ஆகிவிட்டால் என்பது. இரண்டும் வேறு. பதினைந்து வருடமாக இந்த ஊரில் இது மாதிரி நம்பிக்கைகளைப் பற்றி ஒரு மாதிரிச் சிரிப்போடு செய்தி எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. கையைக் கீழே இறக்கினேன். "நீயே போடு" என்றேன். மேளத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. கையைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பிறகு திரும்பி இரண்டு முடிச்சையும் போட்டாள். நான் அட்சதை எறிந்தேன். கையில் வைத்திருந்ததையே மறந்திருந்தேன்.

மறுநாள் சொதிக்குக் கூட்டம் அதிகம். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதன் பிறகு என்னால் என் கல்யாணத்தை நினைக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன். குற்றாலம் என்று தொடங்கினால் தம்பியின் கல்யாணம் வருகிறது. கோயிலில் நாற்பது பேர் என்று தொடங்கினால் அந்த நாற்பது பேரும் அந்த மண்டபத்து வாசலில் துண்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். வேறு மாதம், வேறு ஊர் வைத்துப் பார்க்கலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருடம் சீசன் தொடங்கியபோது பேரருவி பற்றி வழக்கம்போல எழுதினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அது வெறும் தண்ணீர்ச் செய்தியாக இருந்தது.

அந்த வருடம் ஆவணியில் தம்பி கோயம்புத்தூரில் மழையில் பைக் வழுக்கி விழுந்தான். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். செய்தி வந்தபோது அம்மா சமையலறையில் நின்றாள். விவரம் எல்லாம் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

"நல்ல வேள" என்றாள்.

தலையில் அடிபடவில்லை என்பதற்காகச் சொல்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குள் அது ஓடி முடிந்திருந்தது.

இரண்டு நாளில் பேச்சு வேறு பக்கம் போனது. புருஷனை விட்டுவிட்டு வந்தவளை முடிச்சுப் போடச் சொன்னால் பிறகு எப்படி இருக்கும் என்று அத்தை ஒருவர் அம்மாவிடம் கேட்டார். அம்மா மறுத்துப் பேசவில்லை. "நமக்கு அப்ப தோணல பாத்தியளா" என்றாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். முடிச்சுக்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியே வந்து கேட்டிருக்கலாம். கேட்பதற்கு, நான் கையை இறக்கியவள் என்பது தடையாக இருந்தது.

பேச்சு ஆலங்குளத்துக்கும் போயிருக்கிறது. சித்தப்பா மகளே ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை. கடையில் சாமான் வாங்குகிற மாதிரிப் பேசினாள்.

"அக்கா, அன்னைக்கு நீ கயித்த வாங்காதது நல்லதாப் போச்சு. வாங்கிருந்தா இப்ப ஒன்னச் சொல்லிருப்பாவ. எனக்கு என்ன, ஏற்கெனவே இருக்க பேரோட இதுவும் ஒண்ணு. ஒனக்கு இனிமேதான் ஒரு கல்யாணம் ஆகணும்."

எனக்காகத்தான் நான் வாங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. அல்லது அப்படி நினைப்பதாக எனக்குக் காட்டுகிறாள். எதுவானாலும் நான் திருத்தவில்லை.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"இனிமேத்தான்" என்றாள்.